எத்தனை பொன்னம்பலம்? குடும்பப் பெயர் இல்லாத நாட்டில் கொடிவழி தேடுவது பற்றி ஓர் இழை

ஜனவரி 4, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு கதை முடிந்துவிடுகிறது. ஆகவே ஐரோப்பியப் பிரபுக்களைப் போல நம் சமஸ்தான, ஜமீன், அரசியல் குடும்பங்களுக்கு நம்பத்தக்க வமிசாவளி எழுதவே முடியாது என்பது என் கட்சி. கிடைப்பதெல்லாம் மணிவிழா மலர்கள்தான். உதாரணத்துக்கு, இலங்கையின் பொன்னம்பலம் குடும்பம் ராமநாதன் காலத்திலிருந்து கஜேந்திரகுமார் வரை தொடர்ந்து அரசியலில் இருக்கிறது என்கிறார்கள். இதற்கு என்ன ஆதாரம்? மறுப்பவர்கள் மறுக்கலாம்."

ஜனவரி 4, இரவு

மறுக்கிறேன். உதாரணமே இரண்டு வேறு குடும்பங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறது.

பொன்னம்பலம் ராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் கொழும்பில் செழித்த முதலியார் பொன்னம்பலத்தின் மக்கள். 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கிய ஜி. ஜி. பொன்னம்பலம் வேறு வீடு. குமார் பொன்னம்பலம் அவருடைய மகன், கஜேந்திரகுமார் பேரன். ராமநாதனின் பெயரில் இருக்கும் பொன்னம்பலம் தகப்பன். ஜி. ஜி.யின் பெயரில் இருக்கும் பொன்னம்பலம் அவரே. மூன்றாவதாகக் குமார் பொன்னம்பலம் என்று வரும்போதுதான் அது ஏறக்குறையக் குடும்பப் பெயராக மாறுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1947 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. யாரைத் தோற்கடித்தார்? அருணாசலத்தின் மகன் மகாதேவாவை. பொன்னம்பல முதலியாரின் சொந்தப் பேரனை வீழ்த்தியவர் அந்த வீட்டோடு தொடர்பே இல்லாத ஒரு பொன்னம்பலம். பெயரைப் பிடித்துக்கொண்டு மரம் வரைந்தால் இதைப் பங்காளிச் சண்டை என்று எழுத வேண்டியிருக்கும்.

ஜனவரி 5

"அப்படியென்றால் ராமநாதன் குடும்பம் அரசியலுக்கு வந்தது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். தகப்பன் வழியில் தேடினால் கிடைக்காது. தாய் வழியில் போங்கள்.

இலங்கைச் சட்டநிரூபண சபை தொடங்கியபோது அதில் தமிழர் சார்பில் உட்கார்ந்தவர் கேட் முதலியார் என்ற பட்டம் பெற்ற குமாரசுவாமி. 1835இல் நியமனம், அடுத்த ஆண்டே மரணம். அவர் மகன் முத்துக்குமாரசுவாமி 1862இல் அதே ஆசனத்துக்கு வந்தார், பிறகு சர் பட்டமும் பெற்றார். 1879இல் அவர் இறந்ததும் ஆசனம் போனது ராமநாதனுக்கு. ராமநாதனின் தாய் செல்லாச்சி அம்மையார் முத்துக்குமாரசுவாமியின் உடன்பிறந்தவர். ஆக, தாத்தா, மாமன், மருமகன் என்று ஆசனம் இறங்கியிருக்கிறது. ராமநாதன் அரசாங்க வேலைக்குப் போனதும் அவருடைய அண்ணன் குமாரசுவாமி வந்தார். அவருக்குத் தாத்தாவின் பெயர்.

முத்துக்குமாரசுவாமிக்கு ஆங்கிலேய மனைவியிடம் பிறந்த மகன்தான் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி. தந்தை இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதனால் அரசியல் மருமகனுக்கும் பெயர் மகனுக்கும் போனது. இந்தக் குடும்பத்தின் மரத்தில் செல்லாச்சி அம்மையாரின் கட்டத்தை அழித்துவிட்டுப் பாருங்கள். ராமநாதன், அருணாசலம், அருணாசலம் முதல் தலைவராக இருந்த 1919ஆம் ஆண்டு இலங்கைத் தேசியக் காங்கிரஸ், மகாதேவாவின் அமைச்சர் பதவி எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

ஜனவரி 5, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஆகவே ஒரு சேர்க்கை. குடும்பப் பெயர் இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நீங்கள் நம்புவது எனக்கு வியப்பாக இருக்கிறது. இந்திய அரசியலின் மிகப் புகழ்பெற்ற குடும்பப் பெயர் காந்தி. இந்திரா அதைப் பெரோஸ் காந்தியிடமிருந்து பெற்றார், அந்தக் காந்திக்கும் மகாத்மாவுக்கும் உறவில்லை. மகாத்மாவின் உண்மையான பேரன்களில் ஒருவர் கோபாலகிருஷ்ண காந்தி. அவர் 2004இலிருந்து 2009 வரை மேற்கு வங்க ஆளுநர். விடுதலைக்குப் பின் அதே பதவியில் முதலில் அமர்ந்தவர் அவருடைய தாய்வழித் தாத்தா ராஜாஜி. 1933இல் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் தேவதாஸ் காந்திக்கும் நடந்த திருமணம் தெரியாவிட்டால் ஒரே ஆளுநர் மாளிகையில் தாத்தாவும் பேரனும் வாழ்ந்த செய்தி யாருக்குப் புலப்படும்? பெயரில் ஒன்றுமே இல்லை.

ஜனவரி 7

என்னைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பேராசிரியன் அல்லன். மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பாகப்பிரிவினைப் பிராதுகளோடு இணைக்கும் வமிசாவளி அட்டவணைகளை எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். அரண்மனையோ ஓட்டு வீடோ, அட்டவணை ஒன்றுதான்: மேலே மூத்தவர், கீழே பிள்ளைகள், இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி.

அந்த அட்டவணைகளில் நான் கண்ட ஒன்று. பழைய கட்டுகளில் பெண் மக்களின் பெயரே இருக்காது. எதிர்த்தரப்பு பதில் மனுவில் "இன்னும் இரண்டு சகோதரிகள் உண்டு, அவர்களைச் சேர்க்கவில்லை" என்று கிளப்பினால்தான் அவர்கள் கடைசிப் பிரதிவாதிகளாக உயிர் பெறுவார்கள். 1989இல் தமிழ்நாட்டில் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த பிராதுகளில் மகளின் பெயர் மட்டுமா, திருமணத் தேதி, பத்திரிகை, மண்டப ரசீது வரை வந்து குவிந்தன. சொத்து எங்கே போகிறதோ அங்கே வமிசாவளி நீளும். அரச குடும்பங்களிலும் இதே கதைதான். ஆகவே மணிவிழா மலரைக் கீழே வையுங்கள், வழக்குத் தீர்ப்பை எடுங்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

ஜனவரி 8

சிவகங்கைக்கார நண்பர் "தீர்ப்பில் என்ன இருக்கும், வக்கீல் பொய்தானே" என்று சீண்டியிருக்கிறார். உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

1801இல் மருது சகோதரர்களை ஒழித்த கையோடு கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி), கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராக்கியது. அவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் ஏற்கெனவே காலமாகியிருந்ததால் அண்ணன் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மனைவியரும் மகள்களும் வழக்குத் தொடுத்தார்கள். கேள்வி எளிது: ஜமீன் கூட்டுக்குடும்பச் சொத்தா, கௌரி வல்லபர் தனியாகப் பெற்றதா? கூட்டுச் சொத்தென்றால் பங்காளிக்கு, தனிச்சொத்தென்றால் மனைவிக்கும் பிறகு மகளுக்கும். வழக்கு ஒரு தலைமுறைக் காலம் இழுத்தது. தொடுத்த விதவை அங்கமுத்து நாச்சியார் போய், மகள் காதம நாச்சியார் அதைத் தூக்கிக்கொண்டு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். 1863இல் மகளுக்கே தீர்ப்பு.

வக்கீல் பொய் சொல்வார், சரி. ஆனால் எதிர்த்தரப்பிலும் ஒரு வக்கீல் இருப்பார் ஐயா. ஒரு பக்கத்து ஆள் "இவள் மகளே இல்லை" என்பார், இன்னொரு பக்கம் மூத்தாள் இளையாள் வரிசை, யார் எப்போது இறந்தார், யார் கொள்ளி வைத்தார் என்று சாட்சி வைக்கும். நாலு பக்கமும் பகைவர்கள் நின்று சோதித்த வமிசாவளி அது. மலரில் வரும் வமிசாவளியை யார் சோதிக்கிறார்கள்? அச்சுப்பிழை திருத்துபவர்கூடச் சரியாகப் படிப்பதில்லை.

ஜனவரி 8, சற்றுப் பின்னர்

ஆண் பிள்ளை இருந்தால் சிக்கலே இல்லை என்று நினைக்காதீர்கள். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு ஆண் பிள்ளை இருந்தான். பவானி சங்கரன் என்று பெயர். தாய் மறவர் குலத்து மனைவி அல்ல என்பதால் அவனை ஒதுக்கி, விஜய ரகுநாதரைப் பட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவன் சும்மா இருக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ராமநாதபுரத்தைப் பிடித்தான். அவனை விரட்ட கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சாவூர்ப் படையோடு வந்தார்கள். அந்த உதவிக்கு விலையாகச் சீமை பிளந்தது. ஐந்தில் இரண்டு பங்கு சசிவர்ணருக்கு. 1730 வாக்கில் சிவகங்கை என்றொரு அரசு பிறந்தது இப்படித்தான். சசிவர்ணர் கைகட்டி நின்ற பாளையத் தலைவர் மட்டுமல்லர், விஜய ரகுநாத சேதுபதியின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரின் கணவர். மாப்பிள்ளை.

அடுத்த தலைமுறையில் சசிவர்ணரின் மகன் முத்து வடுகநாதர் மணந்தது வேலு நாச்சியாரை, அவரும் ராமநாதபுரம் சேதுபதி வீட்டுப் பெண். 1772இல் காளையார்கோவிலில் கணவர் மாண்டதும் அவர் போராடி 1780இல் சிவகங்கையை மீட்டதை எல்லாரும் பேசுகிறோம். சிவகங்கை வமிசாவளியில் மட்டும் அவரை "மனைவி" என்ற ஒற்றைக் கோட்டில் தொங்கவிடுகிறார்கள். ராமநாதபுரம் மரத்தில் அவருக்கு மகள் என்ற இடம் உண்டு. இரண்டு மரத்தையும் ஒரே தாளில் வரைந்தால்தான் அவர் யார் என்பது விளங்கும்.

ஜனவரி 9

புதுக்கோட்டை ஏன் விடுபட்டது என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். விடவில்லை, வருகிறது.

கிழவன் சேதுபதியின் மனைவியரில் ஒருவர் காதலி நாச்சியார். அவருடைய சகோதரன் ரகுநாதத் தொண்டைமானைத்தான் சேதுபதி புதுக்கோட்டைக்குத் தலைவனாக்கினார். மைத்துனன் கையில் கொடுத்த சீமை, பிற்காலத்தில் தமிழ்நாட்டில் நிலைத்த ஒரே பெரிய சமஸ்தானமாக 1948 வரை நின்றது. ஒரு திருமணம் வழியாக ராமநாதபுரத்திலிருந்து புதுக்கோட்டை, இன்னொரு திருமணம் வழியாகச் சிவகங்கை. ஆண் வழி மரத்தில் மூன்றும் மூன்று தனி மரங்கள். பெண் வழியில் ஒரே தோப்பு.

ஜனவரி 9, இரவு

புதுக்கோட்டையில் இன்னொரு செய்தி. ராமச்சந்திரத் தொண்டைமானுக்குப் பட்டமேற மகன் மிஞ்சவில்லை. மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தார். அவர்தான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1886இல் பட்டம். ரத்தத்தால் பார்த்தால் தாய்வழி, சாத்திரத்தால் பார்த்தால் மகன். வமிசாவளியில் அவரை எங்கே வைப்பது? நான் இரண்டு கோடு போடுவேன், பிறப்புக்கு ஒன்று, சுவீகாரத்துக்கு ஒன்று. ஒரே கோடு போடுகிற எந்த மரத்தையும் நான் நம்புவதில்லை.

அதே மார்த்தாண்ட பைரவர் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்கை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். பிறந்த ஊரை வைத்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். ஆங்கிலேய அரசு அந்த ராணியையும் ஏற்கவில்லை, பிள்ளையின் பட்ட உரிமையையும் ஏற்கவில்லை. 1928இல் ராஜா இறந்ததும் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள்.

பவானி சங்கரனுக்கும் சிட்னி தொண்டைமானுக்கும் இடையே இருநூறு ஆண்டு. இருவரையும் தள்ளிய காரணம் ஒன்றே, தாய். ஆண் வழியே வமிசம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் விளக்கட்டும்.

ஜனவரி 10

"என் முன்னோர் ராஜராஜ சோழனின் நேர் வாரிசு. சான்று வீட்டில் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் ராஜேந்திரனோடு, 1279 வாக்கில், சோழர் கல்வெட்டுகளே நின்றுபோகின்றன. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுச் சான்றை எழுதியவர் யார், எந்த ஆண்டு, யாருக்குக் காட்ட எழுதினார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், பேசலாம். ராஜராஜனுக்கு இணையத்தில் பிறந்த பேரன்களைக் கணக்கெடுக்கத் தனி வட்டாட்சியர் வேண்டும்.

ஜனவரி 10, மீண்டும்

மேலே எழுதியது கொஞ்சம் வெடுக்கென்று இருந்தது. இருக்கட்டும். ஆனால் "யாருக்குக் காட்ட" என்ற கேள்வியை விரித்தே ஆக வேண்டும், அதில்தான் விஷயம் இருக்கிறது.

பாளையக்காரர் வமிசாவளிகள் நிறைய உண்டு. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் காலின் மெக்கன்சி, 1821இல் இறக்கும்வரை ஆள் வைத்துச் சேகரித்தார். பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. முதல் முன்னோனுக்குத் தெய்வம் வாக்குக் கொடுக்கும், அவன் புலியையோ மல்லனையோ கொல்வான், நாயக்கர் மகிழ்ந்து பாளையம் கொடுப்பார். கும்பினி அதிகாரிக்கு "இது எங்களுக்குப் பரம்பரையாக வந்தது" என்று காட்ட எழுதியவை இவை. முதல் ஏடுகளைக் கதையாகவும் கடைசி மூன்று நான்கு தலைமுறைகளை ஓரளவு செய்தியாகவும் படிப்பது என் வழக்கம். அங்கும் சித்தப்பனைத் துரத்திவிட்டுப் பட்டமேறியவன் தன்னை நேர் வாரிசு என்றே எழுதியிருப்பான்.

இதில் தலைசிறந்தவர் தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி. துளஜா மன்னர் சாகும் தறுவாயில் எடுத்த சுவீகாரப் பிள்ளை. துளஜாவின் தம்பி அமர்சிங் "சுவீகாரம் செல்லாது" என்று சொல்லி அரியணையில் அமர்ந்தார். சரபோஜி 1798இல்தான் பட்டத்தை மீட்டார். 1803இல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் போன்சலே வமிச வரலாற்றை மராட்டியில் வெட்டி வைத்தார், மிக நீண்ட கல்வெட்டு. சிவாஜி பிறந்த போன்சலே வமிசத்துக்குத் தான் வாரிசு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாதிருந்தால் இத்தனை கல்லைச் செலவழித்திருப்பாரா? நீளமான வமிசாவளியைக் கண்டால் உடனே நான் தேடுவது அதை எழுதியவருக்கு இருந்த தலைவலியை.

ஜனவரி 12

ராமநாதபுரம் தத்து வழக்கு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் அனுமதி எழுதி வைக்காத நிலையில், முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். அரசாங்கம் செல்லாது என்றது. செல்லாவிட்டால் ஜமீன் சர்க்காருக்கு, அதுதானே அக்கறை! கணவரின் நெருங்கிய பங்காளிகள் சம்மதித்தால் திராவிட தேசத்தில் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868இல் பிரிவி கவுன்சில் முடித்துவைத்தது. தென்னாட்டு வக்கீல்கள் எல்லாருக்கும் பாடமான தீர்ப்பு.

கொடிவழிக்காரர்களுக்கு இதில் வேறு ருசி உண்டு. தத்துப்போன முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தவர் பொன்னுசாமித் தேவர், சமஸ்தான நிர்வாகத்தைப் பார்த்தவர். பொன்னுசாமியின் மகன் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். முத்துராமலிங்கரின் மகன் விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி. பிறப்பால் இவர்கள் அண்ணன் தம்பி மக்கள். சட்டத்தின்படி பாஸ்கரர் சேதுபதி வமிசம், பாண்டித்துரை வேறு வீடு. தத்துப்போன பிள்ளைக்குப் பெற்ற வீட்டு உறவு அறுந்துவிட்டது என்கிறது சாத்திரம். அறுந்ததாக அந்த இருவரும் நடந்துகொண்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி 13

அரச வீடுகள் போதும், அரசியலுக்கு வா என்கிறார்கள். வருகிறேன். முதலில் இனிஷியல்.

இனிஷியல் ஒரு தலைமுறையோடு முடிகிறது என்றீர்கள். செட்டிநாட்டில் போய்ச் சொல்லுங்கள், சிரிப்பார்கள். ச. ராம. மு. அண்ணாமலைச் செட்டியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அவர் மகன் மு. அ. முத்தையா, சென்னை மேயராக இருந்து பிறகு அமைச்சரானவர். அவர் மகன் மு. அ. மு. ராமசாமி. எழுத்துகளை வாசித்தாலே ஏணி ஏறிவிடலாம். ஆனால் அந்த ஏணியில் ப. சிதம்பரம் எங்கே? அவர் அண்ணாமலைச் செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரன். "ப" என்பது பழனியப்பன், தகப்பன் வீட்டு எழுத்து. அண்ணாமலைச் செட்டியாரின் மிகப் புகழ்பெற்ற பேரன் அந்தக் குடும்பத்தின் எழுத்துகளில் இல்லை.

நகரத்தாரிடம் இனிஷியலைவிட உறுதியான ஒன்று உண்டு. ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுக்கு உரிய கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் திருமணம். மணமான தம்பதி ஒரு புள்ளி என்று கோயில் கணக்கில் ஏறும். பெண் எந்தக் கோயிலிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாள் என்பதற்கு இரண்டு பக்கமும் பதிவு. ஐரோப்பியப் பிரபுக்களைச் சொன்னீர்களே, அவர்களின் மாதாகோயில் பதிவேட்டுக்கு இது எந்த வகையில் குறைச்சல்?

ஜனவரி 13, பிற்சேர்க்கை

பி. டி. ராஜன், நீதிக்கட்சி, 1936இல் சில மாதம் சென்னை மாகாண முதன்மை அமைச்சர். முழுப்பெயர் பொன்னம்பலத் தியாகராஜன் (இதோ இன்னொரு பொன்னம்பலம், இலங்கைக்கும் இவருக்கும் ஒட்டில்லை, தயவுசெய்து யாரும் கோடு போட வேண்டாம்). மகன் பழனிவேல் ராஜன் சட்டமன்றப் பேரவைத் தலைவர். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021இல் நிதியமைச்சர். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் இங்கே தகப்பன் வழி கண்ணாடியாகத் தெரிகிறது. இப்படித் தெரிகிற வீடுகளை மட்டுமே பத்திரிகைகள் வாரிசு அரசியல் என்று எழுதுகின்றன. தெரியாத வீடுகள் தப்பித்துவிடுகின்றன. முரசொலி மாறன் கருணாநிதியின் அக்காள் மகன் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும், ஆனால் அந்தப் பெயரில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. ஜெயந்தி நடராஜன் முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் பேத்தி. பெயரில் தாத்தா உண்டா?

ஜனவரி 16

நான் மிக விரும்பும் மரத்துக்கு வந்துவிட்டேன். குமாரமங்கலம்.

திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன், 1926இலிருந்து 1930 வரை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். பிறகு 1937இல் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவையில் சட்டமும் கல்வியும். கடைசியில் மகாராஷ்டிர ஆளுநர், 1962இல் பதவியிலேயே மறைவு. பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், ஈடன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பியவர், பின்னர் காங்கிரஸில் சேர்ந்து இந்திரா அமைச்சரவையில் உருக்குத் துறை, 1973 விமான விபத்தில் மரணம். மகள் பார்வதி கிருஷ்ணன், கோயம்புத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்ற கம்யூனிஸ்ட். மோகனின் மகன் ரங்கராஜன் காங்கிரஸில் தொடங்கி, பா.ஜ.க.வில் மின்துறை அமைச்சராக இருந்து 2000இல் மறைந்தார். ரங்கராஜனின் சகோதரி லலிதா, பா.ஜ.க., தேசிய மகளிர் ஆணையத் தலைவராக இருந்தவர். ஒரு வீட்டுப் பொங்கலுக்கு எல்லாரும் கூடினால் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை அங்கேயே நடத்திவிடலாம்.

பத்திரிகைகள் இந்தக் குடும்பத்தை "ஜமீன் வீட்டுப் பிள்ளைகள்" என்றே விளக்கிவிட்டுப் போகும். ஜமீன் மட்டும் இதை விளக்காது. தாய் ராதாபாயைப் பாருங்கள். மங்களூர்க்காரர். தந்தை குத்முல் ரங்கராவ், 1897இல் மங்களூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று இயக்கம் தொடங்கி, அதற்காகச் சொந்தச் சாதியின் பகையைச் சம்பாதித்த பிராமணர். மகளைக் கொங்கு வேளாள ஜமீன்தார் மணந்தது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம்! ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938இல் மத்தியச் சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்வான முதல் பெண். பிள்ளைகளின் அரசியல் துணிச்சலுக்கு வேர் எந்தப் பக்கம் என்று நான் தீர்ப்பெழுதமாட்டேன். இரண்டு பக்கமும் வரையாமல் தீர்ப்பெழுதுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. மோகனின் மனைவி கல்யாணி மேற்கு வங்க முதலமைச்சர் அஜய் முகர்ஜியின் சகோதரர் வழி உறவு, கூப்பிடு முறையில் மகள். ஆக, தென்கனரா, கொங்கு, வங்கம்.

குடும்பப் பெயர் வேண்டும் என்றீர்களே, இந்த வீடு ஒன்று வைத்துக்கொண்டது, ஜமீன் ஊரின் பெயரையே. என்ன ஆயிற்று? மகன்கள் குமாரமங்கலம் ஆனார்கள். மகள் மணமாகிக் கிருஷ்ணன் ஆனார். அவர்களுடைய தகப்பனோ கடைசிவரை வெறும் ப. சுப்பராயன்.

ஜனவரி 17

ஒரு மாணவர், கொடிவழி மென்பொருளில் தன் குடும்பத்தை ஏற்றும்போது "ஒரே நபர் இருமுறை" என்று எச்சரிக்கை வருகிறதாம். வரும் தம்பி. அக்காள் மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர் என்று நம் வீடுகளில் மாமனாரும் தாய்மாமனும் ஒரே ஆளாக இருப்பார். நபரை இரண்டாக்காதீர்கள், எச்சரிக்கையை அலட்சியம் செய்யுங்கள். திருமணத்துக்குத் தனி எண் கொடுத்து, அந்த எண்ணிலிருந்து பிள்ளைகளை இறக்குங்கள்.

ஜனவரி 19

யாழ்ப்பாணத்து நண்பர், ஐக்கிய தேசியக் கட்சியைச் சிங்கள அரசியலில் "மாமன்-மருமகன் கட்சி" என்று கேலி செய்வதை நினைவூட்டி, அங்கே ஆண் வழிதானே என்கிறார். டி. எஸ். சேனாநாயக்கா 1952இல் இறந்ததும் மகன் டட்லி, அடுத்த ஆண்டே சர் ஜோன் கொத்தலாவலை. பின்னாளில் ஜே. ஆர். ஜெயவர்தனா. சரி, இந்த மூன்று வீடுகளையும் சேர்க்கும் கண்ணி எது? கிராஃபைட் சுரங்க முதலாளி அத்திகல முதலியாரின் மூன்று பெண்கள். ஒருவர் கொத்தலாவலையின் தாய். ஒருவர் டி. எஸ்.ஸின் சகோதரர் எஃப். ஆர். சேனாநாயக்காவின் மனைவி. ஒருவர் ஜே. ஆரின் தகப்பனோடு பிறந்தவருக்கு மனைவி. மூன்று சகோதரிகள், மூன்று பிரதமர் குடும்பங்கள்.

ரணில் விக்கிரமசிங்க, ஜே. ஆருக்கு மருமகன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நம் முறைப்படி கணக்குப் போட்டேன். ஜே. ஆரின் தாயும் ரணிலின் தாய்வழித் தாத்தா டி. ஆர். விஜேவர்தனாவும் உடன்பிறந்தவர்கள். அப்படியானால் ரணிலின் தாய்க்கு ஜே. ஆர். அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறை. தாய்க்கு முறைமாப்பிள்ளை பிள்ளைக்கு மாமனாக முடியாது, பெரியப்பா முறை. கட்சிக்கு வைத்த கேலிப் பெயர் இந்த இடத்தில் உறவு முறைப்படி தப்பு. கொழும்பில் யாருக்கும் இதனால் தூக்கம் கெடப்போவதில்லை.

ஜனவரி 23

கேள்வி கேட்டவர் தான் வரைந்த மரத்தை அனுப்பியிருக்கிறார். உழைத்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. திருத்த வேண்டியவை:

வேலு நாச்சியாருக்குத் தந்தை கட்டம் இல்லை, செல்லமுத்து சேதுபதியைச் சேருங்கள். மகள் வெள்ளச்சி நாச்சியாரையும் அவர் கணவர் வேங்கன் பெரிய உடையத் தேவரையும் விட்டுவிட்டீர்கள், 1801க்கு முந்தைய சிவகங்கை அவர்களோடுதான் முடிகிறது. கௌரி வல்லபரை வேங்கனின் மகன் போல் கீழே தொங்கவிட்டது பெரிய தவறு, கோட்டை அழியுங்கள். சிட்னி தொண்டைமானுக்குப் புள்ளிக்கோடு போட்டிருக்கிறீர்கள். எதற்கு? ராஜாவின் மகன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை, பட்டம்தான் கிடைக்கவில்லை. முழுக்கோடு போட்டுப் பட்ட எண்ணை மட்டும் விடுங்கள். மார்த்தாண்ட பைரவருக்கு இரண்டு கோடு வேண்டும் என்று ஜனவரி 9இலேயே எழுதிவிட்டேன். ராதாபாய்க்கு மேலே காலியாக விட்ட கட்டத்தில் குத்முல் ரங்கராவ். ஜி. ஜி. பொன்னம்பலத்தைத் தனித்தாளுக்கு மாற்றியது சரி.

தத்தைச் சிவப்பிலும் பிறப்பைக் கறுப்பிலும் வரைந்தால் ஒளிநகலில் இரண்டும் ஒன்றாகிவிடும். தத்துக்கு இரட்டைக் கோடு போடுங்கள்.